உள்ளங்கையில் டோக்கியோ

டோக்கியோ ரயில் நிலையத்தின் நிலத்தடிக் கடைவீதியில் டொமிக்கா பொம்மைக் கார்களுக்கென்றே ஒரு கடை இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் உலோக வண்டிகள் எண் போட்ட சின்ன அட்டைப்பெட்டிகளில் அடுக்கியிருக்கும்.

1970இல் ஆறே வண்டிகளோடு டொமிக்கா தொடங்கியது. புளூபேர்ட், கிரவுன், டொயோட்டா 2000ஜிடி, ஃபேர்லேடி இசட் உட்பட ஆறும் ஜப்பானியத் தயாரிப்புகள். அப்பா ஓட்டும் காரையே பிள்ளை தரையில் உருட்டலாம்! அந்த யோசனைக்காகவே இதைத் தயாரித்தவர்களைப் பாராட்ட வேண்டும்.

ஒன்றைக் கையில் எடுத்துக் கூரையை விரலால் அழுத்திப் பாருங்கள். வண்டி லேசாக அமிழ்ந்து, விரலை எடுத்ததும் எழும்பும். உள்ளே சஸ்பென்ஷன் வைத்திருக்கிறார்கள். பல வண்டிகளில் கதவும் திறக்கும். வழக்கமான வரிசையில் அளவு விகிதம் வண்டிக்கு வண்டி மாறும். பேருந்தும் காரும் ஒரே அளவுப் பெட்டிக்குள் அடங்க வேண்டுமே. விகிதம் பிசகக்கூடாது என்பவர்களுக்கு 2004இல் வந்த லிமிடெட் வின்டேஜ் வரிசை இருக்கிறது, கார்களெல்லாம் 1/64. என் ஓட்டு அதற்குத்தான்.

பழசு தேடுபவர்கள் சுவோ ரயிலில் நகானோ போக வேண்டும். நகானோ பிராட்வே கட்டடத்தின் கண்ணாடி அலமாரிகளில் நிதானமாகக் கண்ணை ஓட்டுங்கள். வண்டியின் அடித்தட்டில் ஜப்பான் என்று பொறித்தவற்றுக்குத் தனி மதிப்பு. பின்னாளில் உற்பத்தி சீனாவுக்கும் வியட்நாமுக்கும் போய்விட்டது. பெட்டியோடு கிடைத்தால் விலை ஏறும்.

மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை டோக்கியோவில் இருந்தால் காலையிலேயே ரயில் நிலையக் கடைக்குப் போய்விடுங்கள். புது வண்டிகள் வரும் நாள் அது.