அழிரப்பரும் மஞ்சள் கேசட்டும்
சித்தூர் கட்டமஞ்சியில் மாமா வீட்டு அலமாரியைத் துடைத்தபோது அந்த மஞ்சள் வீடியோ கேம் கேசட் கையில் அகப்பட்டது. மேலே ஒட்டியிருந்த மாரியோ வெளிறிப்போய், ஓரம் சுருண்டிருந்தார். உள்ளங்கையில் எடையே தெரியவில்லை. பிடிமானத்துக்காக விட்டிருக்கும் வரிகளில் நகத்தை ஓட்டினால் இன்றும் அதே 'கிர்ர்'. அந்த நாளில் படம் கோடு கோடாக வந்தால் உருவி, ஓர் ஊது ஊதி, மறுபடி அழுத்துவோம். 'டக்' என்று உட்கார்ந்ததும் டிவி விழித்துக்கொள்ளும், "ரேய், நா வந்து ரா!" என்று பக்கத்து வீட்டுப் பையன் தெலுங்கில் தன் முறைக்குச் சண்டை பிடிப்பான்.

ஊதியதில் பலனில்லை, எடுத்துச் செருகியதுதான் வைத்தியம் என்று பிற்பாடு தெரிந்தது. மூச்சின் ஈரம் கேசட்டின் செம்புப் பற்களுக்கு ஆகாதாம். திருப்பதிக் கடைத்தெருவில் ரிப்பேர் செய்துவந்த பெரியவர் ஊதவே மாட்டார். பள்ளிக்கூட அழிரப்பரை எடுத்து, பக்கத்துக்கு 30 ஆக இருக்கும் செம்புப் பற்களை ஒரே திசையில், அவசரமில்லாமல் தேய்ப்பார். கறுப்பு விலகிப் பளபளப்பு வரும். ரப்பர்த் தூளைச் சின்ன பிரஷ்ஷால் தட்டிவிட்டு, செருகி, கான்ட்ரா கேம் ஓடுகிறதா என்று பார்ப்பார். மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ. அந்த கேமில் எங்களுக்கு 30 உயிர் தரும் அந்தப் பொத்தான் வரிசை அவர் கட்டைவிரலுக்கும் மனப்பாடம்!