லெயோன்ஹார்ட்டின் வறட்சி

குஸ்தாவ் லெயோன்ஹார்ட்டை (1928 - 2012) வறண்டவர் என்று ஒதுக்குவது மேற்கத்திய இசை ரசிகர்களில் ஒரு சாராருக்குப் பழக்கமாகவே இருந்து வந்திருக்கிறது. அவரை விரும்புகிறவர்கள் அதே குணத்துக்குக் 'கட்டுப்பாடு' என்று பெயர் மாற்றிப் புகழ்ந்துவிடுகிறார்கள். இந்த வசையும் புகழும் ஒரே கவனமின்மையிலிருந்து பிறந்தவை. அவர் வாசிப்பில் உணர்ச்சி குறைவு என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் இரண்டு தரப்பும் சண்டைக்கு வருகின்றன. அவருடைய இசைத்தட்டுகளைப் பல வருஷங்களாகக் கேட்டு வருகிறவன் என்ற முறையில் நான் மறுப்பது இந்த ஒப்புதலைத்தான்.

வாத்தியத்திலிருந்து தொடங்க வேண்டும். பியானோவில் விரலின் பலம் ஒலியின் பலமாகிறது. ஹார்ப்ஸிகார்டில் ஓர் இறகுமுள் தந்தியை மீட்டிவிட்டு விலகிக்கொள்கிறது. ஓங்கி அடித்தாலும் மெல்லத் தொட்டாலும் ஏறக்குறைய ஒரே ஒலிதான். ஆர்கனிலோ கட்டையை அழுத்தியிருக்கும் வரை குழாயில் காற்று ஓடிக்கொண்டிருக்கும். ஸ்வரம் தேய்வதுமில்லை, வளர்வதுமில்லை. ஆக, வாசிப்பவன் கையில் மிஞ்சுவது ஸ்வரம் எப்போது பிறக்கிறது, எப்போது அறுபடுகிறது என்பது மட்டுமே. பத்தொன்பதாம் நூற்றாண்டு ருசியில் ஊறிய காது, ஒலியின் ஏற்றத் தாழ்வில் உணர்ச்சியைத் தேடிப் பார்த்து, காணோம் என்று திரும்பிவிடுகிறது. லெயோன்ஹார்ட் அதைக் காலத்துக்குள் கொண்டுபோய் வைத்திருக்கிறார். ஒரு முக்கியமான ஸ்வரத்துக்கு முன்னால் மயிரிழை அளவு மௌனம். அந்த மௌனத்தினால் ஸ்வரம் கனத்து விழுகிறது. ஒலி கூடவில்லை, கூடியதாகக் காது நம்புகிறது. இடது கை ஒலித்த பிறகு வலது கை ஒரு கணம் பிந்தி வந்து சேர்கிறது. தாளம் தப்பியதாக நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

வாழ்க்கை விவரங்கள் அதிகம் தேவையில்லை. ஹாலந்துக்காரர். பாஸல் நகரில் படிப்பு. 1950இல் வியன்னாவில் முதல் கச்சேரி, அதுவும் பாஹின் 'ஃபியூக் கலை'யை முழுக்க ஹார்ப்ஸிகார்டில். பிறகு ஆம்ஸ்டர்டாம்: கன்ஸர்வேட்டரியில் ஆசிரியர், வாலூன் தேவாலயத்தில், கிறிஸ்டியான் ம்யூலர் 1734இல் கட்டிய ஆர்கனுக்கு வாத்தியக்காரர், பின்னர் புதிய தேவாலயத்தில். டோன் கூப்மன் அவருடைய மாணவர். குருவுக்கு நேர் எதிரான சுபாவம், ஒரு ஸ்வரத்தையும் அலங்கரிக்காமல் விடமாட்டார். நல்ல குருவுக்கு இது பெருமைதான்.

'ஃபியூக் கலை' எந்த வாத்தியத்துக்கும் எழுதப்படாத, வெறும் சிந்தனை வடிவம் என்ற பக்திப் பிரமையை 1952இல் ஒரு சிறு நூலில் அவர் உடைத்தார். ஒவ்வொரு குரலையும் தனி வரியில் எழுதுவது ஃப்ரெஸ்கோபால்டி, ஷைட் காலத்திலிருந்தே கட்டை வாத்திய இசைக்கு வழக்கமாக இருந்தது என்று காட்டினார். இதுவரை சரி. ஆனால் பாதியில் நின்றுபோன கடைசி ஃபியூக் இந்தப் படைப்பைச் சேர்ந்ததே அல்ல என்றும் வாதித்து, 1969 இசைத்தட்டில் அதை விட்டேவிட்டார். இங்கே எனக்கு அவரோடு உடன்பாடில்லை. அந்த ஃபியூகின் மூன்று கருக்களோடு மூலக் கரு நாலாவதாகப் பொருந்துகிறது என்பதை நோட்டெபோம் 1881இலேயே காட்டியாயிற்று. பார்வையற்ற ஆர்கன் கலைஞர் ஹெல்முட் வால்ஹா அதே ஃபியூகுக்குத் தானே ஒரு முடிவு எழுதி வாசித்தார். துணிச்சல், கொஞ்சம் அத்துமீறலும்கூட. ஆனால் வால்ஹா அந்தப் பள்ளத்தின் விளிம்புவரை போனவர். லெயோன்ஹார்ட்டின் புலமை இந்த ஒரு இடத்தில் அவரைச் சுற்றுவழியில் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

ஹார்னன்கோர்ட்டும் அவரும் பங்கிட்டுக்கொண்டு 1971 முதல் வெளியிட்டு வந்த பாஹ் கான்டாட்டா வரிசையிலும் இது உண்டு. பெண் குரலுக்குப் பதில் பெரும்பாலும் சிறுவர்கள். சரித்திரம் சரி; பல இடங்களில் அந்தப் பிள்ளைகளுக்கு மூச்சுப் போதவில்லை.

ஆனாலும் அவரைப் 'பழமையின் காவலர்' என்று மாலை போட்டு உட்கார வைப்பது அவருக்குச் செய்யும் அநியாயம். 1968இல் ஸ்ட்ரௌபும் ஹுய்யேயும் எடுத்த 'அன்னா மக்தலேனா பாஹின் குறிப்பேடு' படத்தில் அவர்தான் பாஹ். பொய் மயிர் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வாசிக்கிறார். நடிக்கவில்லை. பாஹின் மனவேதனை என்று எதையும் முகத்தில் எழுதிக் காட்டவில்லை. வாசிப்பது அங்கேயே, அப்போதே ஒலிப்பதிவாகிறது. ஒரு மனிதன் வேலை செய்வதை நாம் பார்க்கிறோம். 'மேதை'களைப் பற்றிய வழக்கமான படங்களின் கண்ணீரெல்லாம் இதற்கு முன்னால் அசிங்கமாகத் தெரிகிறது. அவர் பாஹாக மாற முயலவில்லை என்பதால்தான் பாஹின் சாயல் விழுகிறது.

இதற்கு வேடிக்கையான இன்னொரு சாட்சி. 1984இல் ஸ்கோவ்ரோனெக் என்ற ஜெர்மன் வாத்தியக் கைவினைஞர் லெயோன்ஹார்ட்டுக்காக ஒரு ஹார்ப்ஸிகார்ட் செய்தார். அதன்மேல் 'லெஃபெவ்ர், 1755' என்று பெயர். விஷயம் தெரிந்தவர்களே அதைப் பழம்பொருள் என்று நம்பினார்கள். செய்தவரே 2002இல் முழுக் கதையையும் எழுதி வெளியிட்டார். 'அசல்' என்ற வார்த்தையை மந்திரமாக ஜபித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது சங்கடம்தான். எனக்குச் சங்கடமில்லை. காது கேட்டது வாத்தியத்தை, வருஷத்தை அல்ல.

லூயி கூப்பரனின் முன்னிசைகளில் கால அளவே குறிக்கப்பட்டிருப்பதில்லை. அளவற்ற வட்டங்கள் வரிசையாக நிற்கின்றன, அவற்றைக் கோக்கும் வளைகோடுகள், அவ்வளவே. எவ்வளவு நேரம், எங்கே மூச்சு என்பதெல்லாம் வாசிப்பவன் பொறுப்பு. லெயோன்ஹார்ட் முழுசாக வெளிப்படுவது இங்கேதான். ஃப்ரோபெர்கரின் இரங்கல் இசைகளிலும்தான். லூட் வாசிப்பவர் ப்ளாங்க்ரோஷே 1652இல் பாரிஸில் படிக்கட்டிலிருந்து விழுந்து செத்தார். நண்பருக்காக ஃப்ரோபெர்கர் எழுதியதைத் தாளக் கணக்குப் பார்க்காமல், மிக மெதுவாக வாசிக்க வேண்டும் என்று சுவடி சொல்கிறது. கடைசியில் ஸ்வரங்கள் ஒவ்வொன்றாக மேலிருந்து கீழ்வரை இறங்குகின்றன. ஓவியம் போல, கிட்டத்தட்டக் குழந்தைத்தனமாக, அந்த விழுதல். இதை வேகமாக உருட்டி நாடகமாக்கலாம். தேய்த்து அழலாம். லெயோன்ஹார்ட் இரண்டையும் செய்வதில்லை. ஒவ்வொரு ஸ்வரத்தையும் அடுத்ததற்கு வழிவிடும் வரை நிற்க வைக்கிறார், ஏதோ விழுகிறவனுக்கு ஒவ்வொரு படியும் தெரிகிற மாதிரி. அடி மந்தரத்தில் கடைசி ஸ்வரம் ஒலித்து, தந்தியின் அதிர்வு மரத்துக்குள் அடங்க, அவர் அதை அடங்க விடுகிறார்.