ஒத்து ஊதுவது யார்?

‘அவன் சும்மா ஒத்து ஊதுறான்’ என்று ஒருத்தரைத் திட்டும்போது, ஒரு இசைக்கலைஞரையும் சேர்த்தே திட்டுகிறோம். நாகஸ்வரக்காரருக்குப் பக்கத்தில் அதே மாதிரி நீளமான ஒரு குழலோடு நிற்பவர்தான் ஒத்துக்காரர். அந்தக் குழலில் ராகம் வாசிக்க விரல் துளைகள் கிடையாது. ஒரே ஒரு சுருதிதான் வரும். கன்னத்தில் காற்றைச் சேர்த்து வைத்து, மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே, அந்தச் சுருதி அறுந்துவிடாமல் மணிக்கணக்கில் ஊத வேண்டும். நாகஸ்வரம் எவ்வளவு தூரம் அலைந்தாலும் திரும்பி வருவதற்கு ஒரு வீடு வேண்டும் இல்லையா? ஒத்து அந்த வீடு.

இந்த ஒத்தையும் நாகஸ்வரத்தையும் ஒரே ஆள் வாசிக்க முடிந்தால் எப்படி இருக்கும்? அயர்லாந்தின் இலன் பைப்ஸ் கிட்டத்தட்ட அதுதான். ஐரிஷ் மொழியில் முழங்கையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். ஸ்காட்லாந்து பைப் மாதிரி இதை வாயால் ஊதுவதில்லை. வலது முழங்கையில் ஒரு துருத்தி, இடது கை இடுக்கில் ஒரு காற்றுப்பை. துருத்தி பையை நிரப்பும், பை குழல்களுக்குக் காற்றை அனுப்பும். ராகம் வாசிக்க ஒரு குழல், அது இரண்டு சப்தகம் போகும். சுருதிக்கு மூன்று குழல்கள். போதாததற்கு, மணிக்கட்டால் தட்டி கார்ட் சேர்க்கவும் குழல்கள் உண்டு. உட்கார்ந்து, அறைக்குள் வாசிக்கிற கருவி.

காற்றுப்பை நமக்குப் புதுசு இல்லை. சதிர் ஆடிய காலத்தில் சின்ன மேளத்தோடு துத்தி என்ற பை இருந்தது. ராகம் வாசிக்காது, சுருதி மட்டும் கொடுக்கும். ஒத்தும் துத்தியும் இருந்த இடத்தில் இன்று சுருதிப்பெட்டி இருக்கிறது. நல்ல வசதிதான். ஆனால் சுருதி ஒரு மனுஷனின் மூச்சிலிருந்து வந்தது என்கிற விஷயம் அதோடு போய்விட்டது.

ஒரு மரபுக் கருவி ஆர்கெஸ்ட்ராவுக்குள் போகும்போது முதலில் அடிபடுவதும் இந்தச் சுருதிதான். மேற்கத்திய செவ்வியல் இசை ஒரு வீட்டில் தங்காது. நடுநடுவே ஆதார சுருதியையே மாற்றிக்கொண்டு நகரும். அப்போது பைப்பின் சுருதிக் குழல்கள் பிடிவாதமாகப் பழைய இடத்திலேயே நிற்கும். ஆகவே அதை அணைத்துவிடு என்பார்கள். பைப் உள்ளே வந்துவிடும், அதன் வீடு வாசலிலேயே நின்றுவிடும்.

இதை வைத்து ஒரு கேள்வி கேட்கலாம் என்று நினைக்கிறேன். இப்படியான எந்தப் படைப்பைக் கேட்டாலும், இதில் யார் யாருக்கு ஒத்து ஊதுகிறார்கள்?

ஷான் டேவி 1980இல் வெளியிட்ட ‘தி பிரெண்டன் வாயேஜ்’ இலன் பைப்புக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்குமான படைப்பு. டிம் செவரின் 1976-77இல் தோலால் செய்த படகில் அயர்லாந்திலிருந்து நியூஃபவுண்ட்லாந்துவரை போன பயணம்தான் கரு. பைப் வாசித்தவர் லியாம் ஓ’ஃப்ளின். பைப்தான் படகு, ஆர்கெஸ்ட்ரா கடல். சில இடங்களில் ஆர்கெஸ்ட்ரா சினிமாப் பின்னணி இசை போல வீங்குகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கடல் எவ்வளவு பெரிசாக இருந்தாலும் நம் கண் படகை விட்டு நகராது இல்லையா, அது இங்கே நடக்கிறது. ஒரு ஆர்கெஸ்ட்ராவே சேர்ந்து ஒருத்தருக்கு ஒத்து ஊதுகிறது.

ஜான் கேஜ் 1979இல் செய்த ‘ரோராடோரியோ’ நேர் எதிர். ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘ஃபின்னகன்ஸ் வேக்’ நாவலிலிருந்து எடுத்த வாசகங்கள், நூற்றுக்கணக்கான ஒலிப்பதிவுகள், நடுவே பைப் வாசிக்கும் சீமஸ் என்னிஸ் உள்ளிட்ட மரபுக் கலைஞர்கள். அவரவர் தமக்குத் தெரிந்ததை வாசிக்கிறார்கள். யாரும் யாருக்கும் ஒத்து ஊதவில்லை. இரைச்சல் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது திருவிழாக் கூட்டம் போலக் கேட்கிறது.

மூன்றாவது வகைதான் எங்கும் பரவியது. ‘பிரேவ்ஹார்ட்’ (1995) ஸ்காட்லாந்துக் கதை, ஆனால் அதில் நாம் கேட்பது பெரும்பாலும் அயர்லாந்தின் பைப். ‘டைட்டானிக்’கிலும் (1997) அதே குரல். கேட்டவுடன் பனி, பச்சை மலை, பிரிவு. கருவி ஒரு ரப்பர் ஸ்டாம்ப் ஆகிவிடுகிறது. நாம் மட்டும் என்ன ஒழுங்கா? சினிமாவில் தாலி கட்டும்போது பத்து நொடி நாகஸ்வரம். கோபுரத்தைக் காட்டினால் இன்னொரு பத்து நொடி. அவ்ளோதான்.

நம்மிடம் மாற்று இல்லாமல் இல்லை. ‘கொஞ்சும் சலங்கை’யில் (1962) எஸ். ஜானகியின் குரல் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம் இருக்கும் உயரத்துக்கு ஏறிப் போகிறது. நாகஸ்வரம் இறங்கி வரவில்லை. வெளியிலிருந்து ஓர் உதாரணம், அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோ. தென்னிந்தியாவுக்கு வந்து நாகஸ்வரம் கற்றுக்கொண்டவர். எபர்ஹார்ட் வெபரின் ‘யெல்லோ ஃபீல்ட்ஸ்’ ஆல்பத்தில் (1975இல் பதிவானது) அதை வாசித்திருக்கிறார். நம் வித்வான்களின் கனத்த கமகத்தை அதில் தேடினால் ஏமாந்துபோவோம். ஆனால் வெபரின் பேஸ் நீண்ட, மெதுவான ஸ்வரங்களால் தரை போடுகிறது. கல்யாணமும் கோயிலும் இல்லாத இடத்திலும் அந்தக் கருவிக்கு ஒரு வாழ்க்கை உண்டு என்று அப்போது தெரிகிறது.

இரும்பையிலிருந்து பார்த்தால் இது ஏதோ தூரதேசத்துப் பிரச்சினை இல்லை. ஒரு பக்கம் சம்பந்தர் பாடிய மாகாளேஸ்வரர் கோயில். இன்னொரு பக்கம் 1968இல் தொடங்கிய ஆரோவில். பல நாட்டுக் கருவிகள் ஒரே மேடையில் உட்காருவதை இங்கே யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துத் தெருக்கூத்தில் இன்னும் முகவீணை உண்டு. நாகஸ்வரத்தின் குட்டித் தம்பி மாதிரியான கருவி. விடியவிடிய நடக்கும் கூத்தில், அடவு முடியும் இடத்தில் அது பீறிட்டு எழும்போது தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகூட எழுந்து உட்காரும். ஆர்மோனியம் வந்தபிறகு அதன் இடம் சுருங்கிக்கொண்டே வருகிறது.

நாளைக்கு ஒரு இசையமைப்பாளர் முகவீணையைத் தேடி வரலாம். வரட்டும், சந்தோஷம். ஆனால் வாசிப்பவரை ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டு, அவர் சுருதியை கீபோர்டுக்கு ஏற்ப மாற்றச் சொல்லி, நாலு வரி பதிவு செய்து, ஆல்பத்தில் ‘நாட்டுப்புறக் கருவி’ என்று பெயரில்லாமல் போடுவதை மரபுக்குச் செய்த மரியாதை என்று நம்மிடம் விற்க முடியாது. அவருடைய ஊதலுக்கு ஏற்ப மற்ற கருவிகள் சுருதி கூட்டிக்கொள்ளுமா? அவர் பெயர் படைப்பின் பெயருக்குப் பக்கத்தில் வருமா? ஓ’ஃப்ளின் பெயர் இல்லாமல் ‘பிரெண்டன் வாயேஜ்’ பற்றி யாரும் பேசுவதில்லை.

அடுத்த முறை ஒரு ஃபியூஷன் வீடியோவைத் திறக்கும்போது நடுவில் நிற்பவரை விட்டுவிடுங்கள். பின்னால் இழுத்துக்கொண்டே போகிற அந்த ஒற்றைச் சுருதியைக் கேளுங்கள். அது யாருக்காக ஒலிக்கிறது என்று பாருங்கள்.