தொலைக்காட்சியில் தன்பாலீர்ப்புப் பாத்திரங்கள்: வார்ப்பும் வகைமாதிரியும்

இலக்கியத் திறனாய்வில் 'வகைமாதிரி' என்னும் சொல் நமக்குப் பழக்கமானது. ஒரு காலகட்டத்தின் சமூக இயக்கவிசைகளைத் தன் தனித்தன்மை குன்றாமல் உட்கொண்டு நிற்கும் பாத்திரத்தையே லூகாச்சின் வழிவந்த திறனாய்வாளர் அப்பெயராற் சுட்டினர். அதனோடு எளிதில் மயங்கக்கூடிய பிறிதொன்று உண்டு. அச்சுத்தொழிலில் எழுத்துக் கோத்த பக்கத்தை ஒரே தகடாக வார்த்து, அதனை வைத்தே மீண்டும் மீண்டும் அச்சிடும் முறையொன்று இருந்தது. அத்தகட்டுக்கு வழங்கிய பெயரையே வோல்ரர் லிப்மன் 1922இல் வெளியிட்ட தமது நூலில், மனிதர் பிறரைப் பற்றித் தம் மனத்தில் முன்கூட்டியே கொண்டிருக்கும் உறைந்த படிமங்களுக்கு ஆண்டார். அதனை இங்கு 'வார்ப்பு' என்போம். வகைமாதிரிக்கு ஒரு வரலாறு உண்டு. அது நம் கண்முன்னே உருவாகிறது. வார்ப்போ முடிந்த பொருளாகவே அரங்குக்குள் நுழைகிறது. அதனிடம் நாம் கேட்பதற்கு ஒன்றுமில்லை.

இவ்வேறுபாட்டை மனங்கொண்டு, பிரித்தானிய, ஐக்கிய அமெரிக்கத் தொலைக்காட்சிகள் தன்பாலீர்ப்பாளரைச் சித்திரித்த முறையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்விரு நாடுகளையும் தெரிந்தமைக்குக் காரணம், அங்கு இச்சித்திரிப்புப் பற்றிய வாதம் அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பகிரங்கமாக நடந்துள்ளமையே. பொதுவாக இவ்வாதம், இழிவான படிமங்களிலிருந்து கண்ணியமான படிமங்களை நோக்கிய முன்னேற்றக் கதையாகச் சொல்லப்படுவது வழக்கம். அக்கதை பாதிதான் உண்மை என்பது எமது துணிபு.

தொடக்கத்தில் இருந்தது மௌனம். 1967ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் சீ. பீ. எஸ். நிறுவனம், மைக் வொலஸ் வழங்கிய ஒரு மணிநேர விவரண நிகழ்ச்சி மூலம் அதனை உடைத்தது. ஆனால் எவ்வாறு உடைத்தது? பேட்டியளித்தோருட் சிலரின் முகங்கள் நிழலில் மறைக்கப்பட்டன. ஒருவர் பூச்சாடிச் செடியொன்றின் இலைகளுக்குப் பின்னால் இருந்து பேசினார். இவர்கள் நிலைத்த உறவுக்கு இயலாதவர்கள் என்னும் பொருள்பட வொலஸ் உரைத்தார். உளநோய் மருத்துவர் அதனை வழிமொழிந்தனர். (பிற்காலத்தில் வொலஸ் அந்நிகழ்ச்சி குறித்து வருத்தம் தெரிவித்தார்.) அந்தச் செடியை நாம் சற்று உற்றுநோக்க வேண்டும். பேசுபவரின் பாதுகாப்புக்காக வைக்கப்பட்ட அதே மறைப்பு, பார்ப்பவரின் மனத்தில் அவரைக் குற்றவாளியாகவும் வரைந்துவிடுகிறது. வார்ப்பு என்பது எப்போதும் பொய்யுரையால் மட்டும் ஆவதன்று, ஒளியமைப்பாலும் ஆகும்.

நோயாளி, குற்றவாளி என்னும் இவ்விரு வார்ப்புகளும் அடுத்த சில ஆண்டுகளில் நாடகத் தொடர்களுக்குள் புகுந்தன. ஏ. பீ. சீ. ஒளிபரப்பிய 'மார்க்கஸ் வெல்பி' என்னும் மருத்துவத் தொடரில், 1973இல் வந்த ஒரு கதையில், தன்பாலீர்ப்பை அடக்கிக்கொண்டு 'இயல்பான' வாழ்வு வாழுமாறு அன்பே உருவான அந்த வைத்தியர் நோயாளிக்கு அறிவுரை கூறுகிறார். அடுத்த ஆண்டு வந்த கதையிலோ ஆசிரியர் ஒருவர் மாணவச் சிறுவனைக் கெடுக்கிறார். இரண்டுக்கும் எதிர்ப்பு எழுந்தது. பிந்தியதை ஒளிபரப்பப் பல உள்ளூர் நிலையங்கள் மறுத்தன, விளம்பரதாரர் சிலர் விலகினர். இவற்றுக்கு இடைப்பட்ட 1973 டிசெம்பரில் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தன்பாலீர்ப்பை உளநோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. மருத்துவம் கைவிட்டதைத் தொலைக்காட்சி வைத்தியர் கைவிட மேலும் காலம் எடுத்தது எனலாம்.

இவ்வகைச் சித்திரிப்புகளின் குறையைக் காட்டுவது எளிது. கடினமான வினா, நகைச்சுவைப் பாத்திரங்களைப் பற்றியது.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினைக் கூறுவார். எள்ளலை உரையாசிரியர், தான் பிறரை எள்ளுதல், பிறரால் தான் எள்ளப்படுதல் என இருவகையாகப் பகுப்பர். தொலைக்காட்சி நகைச்சுவையை மதிப்பிட இப்பகுப்பு பெரிதும் உதவுவது. பீ. பீ. சீ. 1972 முதல் 1985 வரை ஒளிபரப்பிய 'ஆர் யூ பீயிங் சேர்வ்ட்?' என்னும் தொடர், கிரேஸ் பிறதர்ஸ் என்னும் கற்பனைப் பல்பொருள் அங்காடியின் ஆடைப் பிரிவிலே நிகழ்வது. அதில் ஆண்கள் உடைப்பகுதி விற்பனையாளராக வரும் மிஸ்ரர் ஹம்பிரீசை ஜோன் இன்மன் நடித்தார். துள்ளு நடை, உயர்ந்த குரல், இரட்டைப் பொருட் பேச்சு என அக்கால மேடை மரபு வகுத்த அடையாளங்கள் யாவும் அப்பாத்திரத்துக்கு உண்டு. பிரித்தானியத் தன்பாலீர்ப்பாளர் உரிமை இயக்கத்தினர் அவரது மேடை நிகழ்ச்சிக்கு வெளியே நின்று எதிர்ப்புக் காட்டினர். பொதுமக்களோ அவரை மிகவும் விரும்பினர்.

யார் கூற்றுச் சரி? ஹம்பிரீஸ் எள்ளப்படுபவர் மட்டுமல்லர், எள்ளுபவரும் அவரே. அங்காடியின் பதவிப் படிநிலையை, கப்டன் பீக்கொக்கின் போலிக் கம்பீரத்தை, அவர் ஒரு கண்ணசைவிற் குலைத்துவிடுவார். சக ஊழியர் எவரும் அவரை வெறுப்பதில்லை. அவ்வளவில் இயக்கத்தினரின் சினம் மிகையானது போலத் தோன்றும். ஆயினும், பத்துத் தொடர்வரிசைகளுக்குப் பின்னரும் அவர் மாலையில் கடையை விட்டு எங்கே போகிறார், யாருடன் உண்கிறார் என்பது நமக்குத் தெரியாது. தாயுடன் வாழ்கிறார் என்று மட்டும் அறிகிறோம். அவர் தன்பாலீர்ப்பாளரா என்பதையே தொடர் வெளிப்படையாகக் கூறாது. நமது இசைநாடகங்களில் வரும் பபூனை இது நினைவூட்டுகிறது. பபூன் அரசனையும் கேலி செய்வான். அவ்வுரிமை அவனுக்கு உண்டு. ஆனால் கதை அவனுடையதன்று. ஹம்பிரீசின் குறை அவரது நடையிலும் குரலிலும் இல்லை. கதை மறுக்கப்பட்டமையே குறை.

இதற்குச் சான்று அதே காலத்து மற்றொரு படைப்பு. 1975 டிசெம்பரில் தேம்ஸ் தொலைக்காட்சி, குவென்ரின் கிறிஸ்பின் தன்வரலாற்றைத் தழுவி ஒரு நாடகத்தை ஒளிபரப்பியது. கிறிஸ்பாக ஜோன் ஹேர்ட் தோன்றினார். வெளித்தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், முகப்பூச்சும் சாயமிட்ட கூந்தலும் மெல்லிய கையசைவுமாக, ஹம்பிரீசிலும் மிக்க 'வார்ப்பு' இவரே. ஆனால் இங்கு அத்தோற்றம் ஒரு தீர்மானம். 1930களின் இலண்டனில் இவ்வாறு தெருவில் நடப்பதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது, யார் அடித்தனர், எந்த நீதிமன்றில் நிற்க நேர்ந்தது என்பதெல்லாம் நம் முன் விரிகின்றன. அதே கையசைவு, வரலாறு கிடைத்தவுடன், வகைமாதிரி ஆகிவிடுகிறது. 'பெண்தன்மை வாய்ந்த ஆண்' என்னும் உருவை ஒழித்துவிட்டால் இழிவு ஒழிந்துவிடும் எனக் கருதியோர் இந்நாடகத்தைக் கணக்கிற் கொள்ளவில்லை. அவ்வுருவோடு வாழ்ந்த மெய்யான மனிதரை அக்கருத்து மறுபடியும் செடிக்குப் பின்னால் இருத்திவிடுகிறது.

கண்ணியப் படிமத்தின் கதைக்கு வருவோம். 1972 நவம்பரில் ஏ. பீ. சீ. ஒளிபரப்பிய 'தற் சேர்ற்றின் சமர்' என்னும் தொலைக்காட்சித் திரைப்படம் அதன் முதல் எடுத்துக்காட்டு. ஹல் ஹோல்புறூக் நடித்த தந்தை பண்பானவர். மார்ட்டின் ஷீன் நடித்த துணைவரும் அத்தகையவரே. இருவரும் ஒரே வீட்டில் வாழ்கின்றனர். ஆனால் அவர்களிடையே காதல் உண்டு என்பதைப் பார்ப்பவர் ஊகித்துக்கொள்ள வேண்டும். தெரிவு தன் கையில் இருந்திருப்பின் தான் இவ்வாழ்வைத் தேர்ந்திருக்கப் போவதில்லை எனத் தந்தை மகனிடம் கூறுவதாகவும் ஓர் இடம் உண்டு. நல்லவராகக் காட்டப்படுவதற்கு ஈடாக அவர் தம்மைத் தாமே மறுக்க வேண்டியிருந்தது. 1985இல் என். பீ. சீ. ஒளிபரப்பிய 'அன் ஏர்லி புறொஸ்ற்' எயிட்ஸ் நோயை முதன்முதலில் எடுத்தாண்ட பெருந் தொலைக்காட்சித் திரைப்படம். அதன் மனிதாபிமானம் ஐயத்துக்கு இடமற்றது. எனினும் அதுவும் உண்மையில் பெற்றோரின் துயரக் கதையே. மகன் அத்துயரின் காரணம்.

காமம் நீக்கப்பட்ட இக்கண்ணியம், எழுத்தாளரின் கோழைத்தனத்தால் மட்டும் விளைந்ததன்று. அதற்குப் பொருளாதார அடித்தளம் உண்டு. அமெரிக்க வணிகத் தொலைக்காட்சி பார்வையாளருக்கு நிகழ்ச்சியை விற்பதில்லை. விளம்பரதாரருக்குப் பார்வையாளரை விற்கிறது. 1989 நவம்பரில் 'தேர்ட்டிசம்திங்' தொடரில் இரு ஆண்கள் கட்டிலில் அருகருகே இருந்து உரையாடும் ஒரு காட்சி வந்தது. அவர்கள் தொடவும் இல்லை. விளம்பரங்கள் விலக்கப்பட்டதால் ஏ. பீ. சீ. பத்து இலட்சம் டொலருக்கு மேல் இழந்தது. அக்கதையை அந்நிறுவனம் மறு ஒளிபரப்புச் செய்யவில்லை. 1994இல் 'மெல்றோஸ் பிளேஸ்' தொடரில் இரு ஆண்கள் முத்தமிடும் தறுவாயில் கமரா வேறுபக்கம் திரும்பிக்கொண்டது. இரவு நேர வணிகத் தொலைக்காட்சியில் அத்தகைய காதல் முத்தம் வெட்டப்படாமல் வர 2000ஆம் ஆண்டின் 'டோசன்ஸ் கிறீக்' வரை காத்திருக்க நேர்ந்தது. முத்தத்துக்கு விலை உண்டு, அழுகைக்கு விலை இல்லை என்பதைக் கணக்காளர் அறிந்திருந்தனர்.

பிரித்தானியாவில் இதே பணியை அரசியல் செய்தது. 1986இல் பீ. பீ. சீ.யின் 'ஈஸ்ற்எண்டர்ஸ்' தொடருக்குள் மைக்கல் காஷ்மன் நடித்த கொலின் வந்தார். அடுத்த ஆண்டு அவர் தம் காதலனின் நெற்றியில் முத்தமிட்டமை பத்திரிகைகளிற் பெருங் கூச்சலை எழுப்பியது. 1988இல், உள்ளூராட்சி மன்றங்கள் தன்பாலீர்ப்பை 'ஊக்குவிப்பதை'த் தடைசெய்யும் 28ஆம் பிரிவு சட்டமாயிற்று. (இங்கிலாந்தில் 1967இல் வயதுவந்த ஆண்களின் தனிப்பட்ட உறவு குற்றமல்லவாக்கப்பட்டிருந்தது. அதே ஆட்சி 1883இல் இலங்கைக்குத் தந்த தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவோ 1995இல் திருத்தப்பட்டபோது நீங்கவில்லை, பெண்களுக்கும் விரிந்தது.) ஆயினும் 1989 சனவரியில் கொலின் தம் புதிய துணைவரை உதட்டில் முத்தமிட்டார். கொலின் படித்த, நாகரிகமான நடுத்தர வர்க்கத்தவர். தொடரின் ஏனையோர் பெரும்பாலும் உழைக்கும் வர்க்கத்தினர். தன்பாலீர்ப்பு வசதியுள்ளோர் வாழ்விற்குரியது என்ற குறிப்பு இதனுள் மறைந்துள்ளது. அவரது இளங் காதலன் பரி வியாபார வண்டியோடு திரியும் உழைப்பாளி என்பதை ஆசிரியர் சிந்தித்தே அமைத்திருத்தல் வேண்டும். ஆனால் அவனையே கதையிலிருந்து முதலில் விலக்கினர்.

1997 ஏப்பிரலில் எலன் டிஜெனறிஸின் பாத்திரம் தன்னை வெளிப்படுத்திய நிகழ்ச்சியை நான்கு கோடிக்கு மேற்பட்டோர் பார்த்தனர். அடுத்த ஆண்டே அத்தொடர் நிறுத்தப்பட்டது. 1998இல் தொடங்கிய 'வில் அன்ட் கிறேஸ்' பழைய சிக்கலை ஒரு தந்திரத்தால் தீர்த்தது: கண்ணியத்தை வில்லுக்கும் கோமாளித்தனத்தை ஜாக்குக்கும் பங்கிட்டளித்தது. இரு வார்ப்புகளை அருகருகே நிறுத்துவதால் ஒரு மனிதன் உண்டாவதில்லை. ஜாக்கே உயிர்ப்புள்ளவன் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும் வில்லைக் கண்டு ஆறுதல் அடைந்த பின்னரே பார்வையாளர் ஜாக்கைக் கண்டு சிரிக்க அனுமதிக்கப்பட்டனர்.

மரணத்தைப் பற்றியும் ஒரு சொல். 'டைனஸ்ரி'யில் ஸ்ரீவன் கரிங்ரனின் காதலர் இருவரும் கொல்லப்பட்டனர். 2002இல் 'பவி'யில் ராரா, 2016இல் 'த ஹண்ட்றட்' தொடரில் லெக்சா. காதல் நிறைவேறிய அல்லது மீண்ட உடனேயே தோட்டா வருகிறது. ஒவ்வொரு சாவுக்கும் கதைக்குள்ளே ஒரு நியாயம் இருக்கலாம். தொகுத்து நோக்குமிடத்து அவை ஒரே தகட்டிலிருந்து அச்சான பக்கங்கள்.

எல்லாச் சாவும் வார்ப்பன்று என்பதற்கு 'த வயர்' தொடரின் ஓமர் லிற்றிலைச் சுட்டலாம். போல்ரிமோர் நகரப் போதைப்பொருள் வணிகரைக் கொள்ளையிட்டு வாழும் அவர் இறுதியிற் சுடப்பட்டு இறக்கிறார். அவர் இறப்பது அவ்வீதிகளின் விதிப்படி; அவரது காதலின் தண்டனையாக அன்று. அவ்வீதிகளில் எவரும் நெடுநாள் வாழ்வதில்லை. ரஸல் ரி. டேவிஸ் எழுதி 2021இல் வெளிவந்த 'இற்ஸ் எ சின்' தொடரிலும் இளைஞர் பலர் எயிட்ஸ் நோயால் மடிகின்றனர். 1985ஆம் ஆண்டுப் படத்திற்கும் இதற்கும் பொருள் ஒன்றே. ஆனால் இங்கு அவர்கள் நோயுறுமுன் ஆடுகிறார்கள், பொய் சொல்கிறார்கள், வாடகை கட்டத் தவறுகிறார்கள், தன்னலத்தாற் பிறரைப் புண்படுத்துகிறார்கள். ரிச்சி தன் நோயை மறைத்தபடி பிறருடன் உறவு கொண்டதையும் ஆசிரியர் மூடிமறைப்பதில்லை. மகனின் கடைசி நாட்களில் நண்பர்களை வாசலிலேயே தடுத்துவிடும் தாய், இம்முறை கதையின் மையமல்லள். அவள் சாத்திய கதவின் வெளியே நிற்பவர்களோடு நாமும் நிற்கிறோம்.