ஹிதாயாவை நீதிமன்றம் வாசித்த விதம்

கடலூரிலிருந்து பெண்ணையாற்றைக் கடந்து வடக்கே சிறிது தூரம் சென்றால் புதுச்சேரியின் பாகூர்ப் பகுதி வந்துவிடுகிறது. மண் ஒன்று, மாடும் ஒன்று. சட்டம் மட்டும் வேறு. தமிழ்நாட்டின் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 வயதைக் கடந்து உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாத எருதைச் சான்றிதழ் பெற்று அறுக்கலாம். புதுச்சேரியின் 1968ஆம் ஆண்டுச் சட்டமோ 15 வயது கேட்கிறது. பசுவை இரு பக்கத்திலும் அறுக்க இயலாது. கேரளத்தில் பசுவதைத் தடைச் சட்டமே இல்லை. கர்நாடகம் 2020இல் இயற்றிய சட்டம் எருதையும் சேர்த்துத் தடுத்தது.

கால்நடைப் பாதுகாப்பு மாநிலப் பட்டியலில் இருப்பதால் இவ்வேறுபாடு எழுகிறது. ஆயினும் மாநிலங்களுக்கு இவ்விடயத்தில் வழி திறந்தது, முஹம்மத் ஹனீஃப் குறைஷி வழக்கில் 1958 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பே. அதனை ஒரு ஃபிக்ஹு வாசிப்பாகவும் கொண்டு நாம் மதிப்பிட வேண்டியுள்ளது.

குர்பானி பற்றி நீதிமன்றம் நாடிய நூல் இமாம் மர்கீனானியின் ஹிதாயா. அதுவும் அரபு மூலமன்று; பாரசீக வழியாக ஹாமில்டன் செய்து 1791இல் வெளிவந்த ஆங்கில ஆக்கம். ஒருவருக்கு ஓர் ஆடு, எழுவருக்கு ஒரு மாடு அல்லது ஒட்டகம் என்று அதில் கண்ட நீதிபதிகள், விருப்பத் தேர்வு இருப்பதால் மாடு அறுப்பது கடமையன்று என முடிவு செய்தனர்.

உஸூல் கலையில் இதற்கு ‘வாஜிப் முகய்யர்’ என்று பெயர். சத்திய முறிவின் பரிகாரமாகப் பத்து ஏழைகளுக்கு உணவளிப்பதோ உடையளிப்பதோ போதும். இரண்டில் எதைச் செய்தாலும் செய்தது கடமையே. தேர்வு உண்டு என்பதால் தேர்ந்தது வெறும் விருப்பச் செயலாகிவிடாது. ஒரு வழி அடைபட்டாலும் கடமை மறு வழியில் நிறைவேறும் என்பது உண்மையே. ஆனால் ஏழு ஆடுகள் வாங்க இயலாதவர்க்கு அந்த மறு வழி எங்கே? இந்தப் பொருளாதார நெருக்கடியை நீதிமன்றமும் கண்டது. கண்டு கடந்து சென்றது. மேலும் ஹிதாயா ஹனஃபி நூல். பரங்கிப்பேட்டை மரைக்காயர்கள் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் குர்பானி சுன்னத் முஅக்கதா. இந்த வேறுபாடு அத்தீர்ப்பில் இடம்பெறவில்லை.

பயன்பாடு தீர்ந்த எருதுகளை அறுக்க அன்று நீதிமன்றம் இடமளித்தது. 2005இல் குஜராத் வழக்கில் எழுவர் அமர்வு அந்நிலையையும் மாற்றிற்று. முழுத் தடை செல்லும் என்றாயினும், அது எந்த மாநிலத்தையும் கட்டாயப்படுத்தவில்லை. எனவே 10ம் 15ம் அப்படியே நிற்கின்றன. மத்ஹபுகள் வேறுபடுமிடத்தில் ஒவ்வோர் இமாமும் தம் ஆதாரத்தை முன்வைக்கிறார். பாகூர் எருது கடலூர் எருதைவிட ஐந்தாண்டு கூடுதலாக உழும் என்பதற்கு ஆதாரம் யாது?

குறையை நீதிமன்றத்தின்மீது மட்டும் சுமத்துவது நேர்மையாகாது. குர்பானி தொடர்பான இறைவசனங்களை விளக்கி எந்த மௌலானாவின் பிரமாண வாக்குமூலமும் தம்முன் இல்லை என்று அத்தீர்ப்பே குறித்துள்ளது. அந்த வெற்றிடம் நம்முடையது. சிதம்பரத்தை அடுத்த லால்பேட்டை முதலாகத் தமிழகமெங்கும் அரபுக் கல்லூரிகளில் ஹிதாயாவை மூலத்திலேயே ஓதிக் கொடுக்கும் நாம், அதனை நீதிமன்றம் விளங்கும் மொழியில் எடுத்துரைக்க நம் மாணவர்களைப் பழக்கியிருக்கிறோமா? சட்டத்தை மதித்து நடப்பது நம் கடமை. நம் சட்டநூலைச் சரியாக வாசித்துக் காட்டுவதும் நம் கடமையே. இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்து மற்றதை விட நமக்கு அனுமதியில்லை.