பிரிந்தவரும் இருந்தவரும்
பேர்ல் பக் எழுதிய இரு வாழ்க்கை வரலாறுகள்

சமயத் தொண்டர்களின் வாழ்க்கை வரலாறுகளைப் படிப்போர்க்கு அவற்றில் ஒரு பொது அமைப்புப் புலப்படும். தொண்டர் கப்பலேறுகிறார்; வேற்று மொழியைக் கற்கிறார்; ஊர் ஊராகச் செல்கிறார்; கோயிலும் பள்ளியும் எழுப்புகிறார். அவருடைய துணைவியார் பெரும்பாலும் இரண்டு இடங்களில் வருவார்: திருமணம் நிகழ்ந்த ஆண்டைக் கூறுமிடம் ஒன்று, அவர் மறைந்த ஆண்டைக் கூறுமிடம் மற்றொன்று. இடைப்பட்ட காலத்தில் உலை வைத்தவர் யார்? காய்ச்சலில் கிடந்த குழந்தையின் அருகே விழித்திருந்தவர் யார்? அவ்வரலாறுகள் இவற்றைக் கூறுவதில்லை.

அந்த வெற்றிடத்தை நிரப்பியவர் அமெரிக்க எழுத்தாளர் பேர்ல் பக். 1892-இல் பிறந்த அவர், கைக்குழந்தையாகச் சீனத்திற்குக் கொண்டு செல்லப்பட்டார். யாங்சி ஆறும் பெருங்கால்வாயும் கூடும் ஜென்ஜியாங் நகரில் வளர்ந்தார். தந்தை அப்சலோம் சைடன்ஸ்ட்ரிக்கர் சமயப் பரப்பாளர், தாய் கேரலைன். 1936-ஆம் ஆண்டில் அவர் இரு நூல்களை வெளியிட்டார். தாயின் வரலாறு 'தி எக்சைல்', அதாவது நாடு நீங்கியவள். தந்தையின் வரலாறு 'ஃபைட்டிங் ஏஞ்சல்', அதாவது போரிடும் தேவதூதன். நூல்களில் தாய் கேரி என்றும் தந்தை ஆண்ட்ரூ என்றும் வழங்கப்படுகின்றனர். 1938-இல் நோபெல் பரிசு அளிக்கப்பட்டபோது, சீன உழவர் வாழ்வைத் தீட்டிய புதினங்களோடு இவ்வாழ்க்கை வரலாறுகளும் போற்றப்பட்டன.

இரண்டில் 'ஃபைட்டிங் ஏஞ்சலே' சிறந்தது என்பது திறனாய்வாளர் பலரின் முடிபு. அம்முடிபில் உண்மை உண்டு. ஆயினும் அது முழு உண்மையாகாது என்பதே எம் கருத்து.

தமிழ் படித்தோர்க்குப் பிரிவு புதிய பொருளன்று. ஓதல், பகை, தூது, பொருள் என்று பிரிவின் காரணங்களைத் தொல்காப்பியம் வகுக்கிறது. ஆண்ட்ரூவின் பிரிவு இவற்றுள் எதைச் சாரும்? இறைவனின் செய்தியைக் கொண்டு செல்வதாக அவர் கருதினார், ஆகவே தூது. உயிர்களை மீட்கும் போர் என்றும் அதனைக் கருதினார், ஆகவே பகை. கழுதை மீதும் படகிலும் கால்நடையாகவும் அவர் செல்வார், வாரங்கள் கழியும். சென்ற இடத்தில் கல்லடி பட்டாலும் மனம் தளரார். போரிடும் தேவதூதன் என்னும் பெயர் இதனாலேயே பொருந்துகிறது.

வீட்டில் இருந்தவரின் நிலை யாது? மகளிரொடு கடல் கடந்து செல்லும் வழக்கம் இல்லை என்பது தொல்காப்பியம் கூறும் மரபு. அம்மரபில் தலைவன் பிரிந்தாலும் தலைவி தன் ஊரில், தன் சுற்றத்தார் நடுவே இருப்பாள். தோழியும் செவிலியும் உடனிருப்பர். கேரியோ 1880-இல் மணம் முடித்துக் கணவரோடு கடல் கடந்து வந்தவர். வந்த இடத்தில் கணவர் மீண்டும் பிரிந்து செல்கிறார். இது பிரிவின்மேல் பிரிவு. தாய்நாட்டைப் பிரிந்தது ஒருமுறை; கணவரைப் பிரிந்ததோ ஒவ்வொரு திங்களும். தோழியும் செவிலியுமாக அங்கு அமைந்தவர் வாங் என்னும் சீனப் பணிப்பெண் ஒருவரே.

'தி எக்சைல்' என்னும் நூலின் வலிமை அந்த அன்றாட வாழ்வைக் காட்டுவதில் இருக்கிறது. கேரி பெற்ற ஏழு மக்களுள் நால்வர் இளமையிலேயே இறந்தனர். அது பெருந்துயரம், எவரும் எழுதக்கூடியது. ஆசிரியை அத்தோடு நில்லாது சிறு தொல்லைகளையும் எழுதுகிறார். குடியேறிய ஒவ்வொரு வீட்டிலும் தரையைத் தேய்த்துக் கழுவ வேண்டும். சுவர் சூழ்ந்த முற்றத்தில் தாய்நாட்டுப் பூச்செடிகளை வளர்க்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து அஞ்சல் வழியே வரும் பாடங்களைக் கொண்டு பிள்ளைகளுக்குத் தாமே ஆசிரியராக வேண்டும். நோயோடு வாயிலில் நிற்கும் சீனப் பெண்களுக்கு மருந்தும் ஆறுதலும் தர வேண்டும். சிறு ஊதியத்தில் இத்தனையும் நடக்க வேண்டும். அவ்வூதியத்திலும் ஒரு பகுதியைக் கணவர் எடுத்துக்கொள்வார். புதிய ஏற்பாட்டைச் சீனப் பேச்சு மொழியில் பெயர்த்து அச்சிடுவது அவர் வாழ்நாட் பணி. அப்பணி உயர்ந்ததே. ஆயினும் அதன் விலையைக் கொடுத்தவர்கள், கேட்கப்படாமலே கொடுத்தவர்கள்.

ஒரு நிகழ்ச்சியைக் காண்போம். கடும் வறட்சி. வெளிநாட்டார் வந்ததால் தெய்வங்கள் சினந்தன என்று ஊரார் எண்ணுகின்றனர். அவர்களைக் கொல்லச் சிலர் முடிவு செய்கின்றனர். ஆண்ட்ரூ ஊரில் இல்லை. கேரி வீட்டைத் துப்புரவு செய்கிறார், தேநீரும் பணியாரமும் எடுத்து வைக்கிறார், உறங்கிய குழந்தைகளை எழுப்பி விளையாட விடுகிறார், கதவைத் திறக்கிறார். கொலைக் கருத்தோடு வந்தவர் விருந்தினராக நடத்தப்பட்டுத் திரும்புகின்றனர். அன்றிரவே மழை பெய்கிறது. ஆண்டுக்கணக்கில் தம்மைச் சலிப்புறச் செய்த வீட்டு வேலைகளே அன்று அவருக்கு அரணாயின.

இவ்விடத்தில் முல்லைத் திணையை நினையாதிருக்க முடியவில்லை. இருத்தல் முல்லையின் உரிப்பொருள். கார்காலம் அதன் பெரும்பொழுது. மழை வரும், மழையோடு தலைவனும் வருவான். காத்திருப்புக்கு ஓர் எல்லை உண்டு. கேரியின் வீட்டிலோ மழை வந்தது, தலைவன் வரவில்லை. எல்லையற்ற இருத்தலைப் பாடுவதற்குத் திணை இல்லை போலும்.

இனிக் குறைகளையும் கூறுதல் முறை. தாய் 1921-இல் மறைந்த பின், துயரம் ஆறுமுன் குடும்பத்தாருக்காக எழுதி வைக்கப்பட்டது 'தி எக்சைல்'. ஆகவே அதில் வழக்காடும் குரல் ஓங்கி ஒலிக்கிறது. தாம் பிறவாமுன் நிகழ்ந்தவற்றிலும் தாயின் நெஞ்சில் எழுந்த எண்ணங்களை உடனிருந்து கண்டவர்போல் ஆசிரியை உரைக்கிறார். ஆண்ட்ரூ நிழலாகவே வந்து போகிறார். தந்தை 1931-இல் மறைந்தார். அதன் பின் வந்த 'ஃபைட்டிங் ஏஞ்சலில்' நகையும் நடுநிலையும் உள்ளன. தந்தையின் கண்மூடித்தனத்தையும் அச்சமின்மையையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கிறார். கலைத்திறத்தில் இரண்டாம் நூலே விஞ்சுகிறது.

ஆனால், அந்த நடுநிலை எங்கிருந்து பிறந்தது? தாயின் வழக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. அதனால்தான் மகளால் தந்தையை அமைதியோடு நோக்க முடிந்தது. இன்னும் ஒன்று. பெண்களைப் பற்றிய புனித பவுலின் கட்டளைகள் தாயின் இயல்பை எவ்வாறு மங்கச் செய்தன என்று மகள் சினந்து கூறும் கடுஞ்சொல், தாயின் நூலில் அன்று, தந்தையின் நூலிலேயே இடம்பெறுகிறது. ஆகவே ஒன்றை உயர்த்தி மற்றதைத் தள்ளுவது பொருந்தாது. இரண்டும் ஒரு வீட்டின் இரு கணக்கேடுகள். சேர்த்துப் படித்தாலன்றி வரவும் செலவும் தெரியா.

இச்செய்தி தமிழாசிரியர்க்கும் உரியதே. 1856-இல் கால்டுவெல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தை நாம் மாணவர்க்கு எடுத்துரைக்கிறோம். இடையன்குடியில் பெண் கல்வியை வளர்த்த அவர் துணைவியார் எலைசாவை எத்தனை வகுப்பறைகளில் குறிப்பிடுகிறோம்? பெரியோர் ஒருவரின் வரலாற்றை நடத்தும்போது, அவர் பயணம் செய்த நாட்களில் அவர் வீடு எவ்வாறு நடந்தது என்னும் வினாவையும் மாணவரைக் கேட்கச் செய்வோமாக. அவ்வினாவால் பெரியோரின் புகழ் குன்றாது. அதில் பங்குடைய மற்றொருவரின் பெயரும் உடன் விளங்கும்.