ட்ரூ ரொமான்ஸ்: டிவிடியில் இருக்கும் இன்னொரு முடிவு

டோனி ஸ்காட்டின் 'ட்ரூ ரொமான்ஸ்' (1993) பார்க்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கலாம். முடிவைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பேச முடியாது.

டாரன்டினோ எழுதிய திரைக்கதையில் கிளாரன்ஸ் செத்துப்போகிறான். ஸ்காட் அவனைப் பிழைக்க வைத்துவிட்டார். ஒரு கண் மட்டும் போச்சு. மெக்சிகோ கடற்கரை, அலபாமா, எல்விஸ் என்று பெயர் வைத்த பையன். வியாபாரத்துக்காகச் செய்த சமரசம் என்பார்கள். டிவிடியில் இருக்கும் மாற்று முடிவைப் பார்த்தபிறகு நான் ஸ்காட் கட்சி. அதில் கிளாரன்ஸ் இல்லை, அலபாமா தனியாகப் போகிறாள். நல்ல காட்சிதான், ஆனால் எதிர்பார்த்தது.

ஏன் என்றால், ஹான்ஸ் ஸிம்மரின் அந்த மரிம்பா இசை மாலிக்கின் 'பேட்லேண்ட்ஸ்' (1973) படத்தில் வரும் கார்ல் ஓர்ஃப் இசையின் சாயல். அலபாமாவின் பின்னணிக் குரலும் அங்கிருந்து வந்ததுதான். அந்தப் படத்தில் பையனுக்கு மின்சார நாற்காலி. அதைப் பார்த்தவனுக்கு இங்கே முதல் ரீலிலேயே சாவு வாடை அடிக்கும். அதனால் அவன் பிழைப்பதுதான் உண்மையான திருப்பம். இன்னொன்று, மோட்டல் அறையில் ஜேம்ஸ் கேன்டோல்ஃபினியிடம் அவ்வளவு அடி வாங்கி, அவனையே முடித்துவிட்டு எழுந்தவள் அலபாமா. அவளைத் திரும்பவும் தண்டிக்க என்ன இருக்கிறது?

ஸ்காட் எடுத்த படத்துக்கு அந்த முடிவுதான் சரி என்று டாரன்டினோவே பிற்பாடு ஒத்துக்கொண்டார். டிவிடி கிடைத்தால் படத்தை முழுசாகப் பார்த்துவிட்டு, மாற்று முடிவை மறுநாள் போடுங்கள்.